எருசலேமிலிருந்து ஒரே ஒரு நாள்: பழைய ஏற்பாட்டு இடிபாடுகளில் எதைப் பார்ப்பது?

தமிழ்நாட்டிலிருந்து புனித பூமிக்குப் போகும் சபைக் குழுக்களின் பயணத்திட்டத்தில் பெத்லகேம், நாசரேத், கலிலேயாக் கடலில் படகு, யோர்தான் நதி, ஒலிவமலை, கல்லறைத் தேவாலயம், சவக்கடல் என்று பெரும்பாலும் இயேசுவின் வாழ்க்கையோடு சேர்ந்த இடங்களே இருக்கும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இராஜாக்களின் புத்தகங்களையும் ஏசாயாவையும் எரேமியாவையும் ஊன்றிப் படித்தவர்கள் பார்க்க ஏங்குகிற லாகீஸ், மெகிதோ, ஆத்சோர், தாவீதின் நகரம் போன்றவை அந்தப் பட்டியலில் வருவதில்லை. வந்தாலும் அரை மணி நேர நிறுத்தமாக முடிந்துவிடும். குழுவில் ஒரு நாள் ஓய்வு கிடைத்தாலோ, திரும்பும் விமானத்தை ஒரு நாள் தள்ளிப்போட முடிந்தாலோ, அந்த நாளை எங்கே செலவிடுவது என்பதுதான் கேள்வி.

கையில் நான்கு வழிகள் இருக்கின்றன. எருசலேமுக்குள்ளேயே நடந்து பார்ப்பது ஒன்று. தென்மேற்கே யூதாவின் தாழ்வான மலைநாட்டுக்குக் காரில் போவது இன்னொன்று. வடக்கே மெகிதோ, ஆத்சோர், தாண். கிழக்கே எரிகோ, கும்ரான், மசாதா. இவற்றில் இரண்டை ஒரே நாளில் திணிப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. இந்த இடங்களில் பெரும்பாலானவற்றை மாலை நான்கு அல்லது ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நுழைவும் நின்றுவிடும். ஆக, உண்மையில் கையில் இருப்பது ஏழெட்டு மணி நேரம். அதில் மூன்று மணி நேரம் சாலையில் போனால் மிஞ்சுவது கொஞ்சமே.

எத்தனை இடம் பார்த்தோம் என்று எண்ணாமல், வேதாகமத்தின் ஒரே ஒரு நிகழ்வைத் தேர்ந்து, அது நடந்த மண்ணில் நின்று வாசிப்பதே அந்த நாளுக்குச் செய்யும் நியாயம். அப்படி எடுக்கத் தகுந்த நிகழ்வு ஒன்று இருக்கிறது: கி.மு. 701இல் அசீரிய அரசன் சனகெரிப் யூதாவின் மேல் படையெடுத்து வந்தது. 2 இராஜாக்கள் 18, 19 அதிகாரங்கள், 2 நாளாகமம் 32, ஏசாயா 36, 37 ஆகிய மூன்றும் இதைச் சொல்கின்றன. சனகெரிப்பின் சொந்தக் கல்வெட்டும் சொல்கிறது. யூதாவின் அரணான 46 பட்டணங்களைப் பிடித்ததாகவும், அதன் அரசன் எசேக்கியாவை எருசலேமுக்குள் கூண்டுப் பறவைபோல் அடைத்ததாகவும் பெருமையடிக்கும் அந்த உரை, எருசலேமைப் பிடித்ததாக மட்டும் எங்கும் சொல்வதில்லை. பிடிபட்ட பட்டணமும் பிடிபடாத பட்டணமும் இரண்டுமே இன்று பார்க்கக் கிடைக்கின்றன. முதல் இரண்டு வழிகளை மற்ற இரண்டுக்கு மேலே வைப்பதற்குக் காரணம் இதுதான்.

தாவீதின் நகரம்: கார் இல்லாதவர்களுக்கு

இன்றைய மதில் சூழ்ந்த பழைய நகரத்துக்குத் தெற்கே, மதிலுக்கு வெளியே சரியும் ஒடுக்கமான மலைமுதுகுதான் தாவீது எபூசியரிடமிருந்து பிடித்த எருசலேம். குப்பைவாசலிலிருந்து நடந்தால் ஐந்து நிமிடம். இங்கே முதன்மையானது எசேக்கியாவின் சுரங்கம். முற்றுகை வந்தால் நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும், பகைவனுக்குக் கிடைக்கக் கூடாது என்பதற்காக, கீகோன் ஊற்றின் நீரைப் பாறைக்குள் 533 மீட்டர் குடைந்து மதிலுக்குள் கொண்டுவந்த வேலை. அவ்வளவு நீளத்துக்கும் தரை இறங்குவது சுமார் 30 சென்டிமீட்டர்தான். அந்தச் சின்னச் சரிவிலேயே இன்றும் தண்ணீர் ஓடுகிறது.

உள்ளே நடப்பது எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. தொடக்கத்தில் சில அடிகளுக்கு நீர் தொடை வரை, சுமார் 70 சென்டிமீட்டர் வரும். பிறகு முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையில் நிற்கும். நீர் குளிர்ந்திருக்கும். அகலம் ஒருவர் நடக்கும் அளவுதான். தோள் இரண்டு பக்கமும் உரசும் இடங்கள் உண்டு. நடுப்பகுதியில் சராசரி உயரம் உள்ளவர்களும் குனிய வேண்டும். விளக்கு கிடையாது. நடக்க 40 நிமிடம் ஆகும். ஒருவழிப் பாதை என்பதால் பின்னால் ஆள் வந்துகொண்டிருந்தால் திரும்ப முடியாது. அடைத்த இடத்தில் மூச்சுத் திணறுபவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள், சிறு குழந்தைகளோடு வருபவர்கள் பக்கத்திலேயே உள்ள கானானியர் காலத்து உலர்ந்த கால்வாய் வழியாகப் போகலாம். அது குறுகலானது, ஆனால் தண்ணீர் இல்லை.

சேலையோடு சுரங்கத்தில் இறங்க வேண்டாம். நனைந்த சேலை காலைச் சுற்றிக்கொண்டு வழுக்கிவிடும். முழங்காலுக்கு மேல் சுருட்டக்கூடிய கால்சட்டையும், பின்வார் உள்ள செருப்பும் வேண்டும். ஹவாய் செருப்பு முதல் சில அடிகளிலேயே கழன்று மிதக்கும். ஆளுக்கொரு டார்ச் வைத்துக்கொள்ளுங்கள். கைபேசி வெளிச்சத்தை நம்பி இறங்கித் தண்ணீருக்குள் போட்டவர்கள் ஏராளம். கடவுச்சீட்டை நெகிழிப் பையில் போட்டு மேல்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

உள்ளே போனதும் சுவரைக் கவனியுங்கள். உளி விழுந்த தடம் ஒரு பாதியில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், மறுபாதியில் எதிர்ப்பக்கமாக. இரண்டு முனைகளிலிருந்தும் இரண்டு குழுக்கள் குடைந்து வந்ததற்கு இதுதான் சாட்சி. நடுவே பாதை திடீரென்று இடமும் வலமும் வளைந்து, சில அடி தோண்டிக் கைவிட்ட பொய்த்தடங்கள் தெரியும். பாறைக்கு அந்தப் பக்கம் கேட்ட சத்தத்தை வைத்துத் திசையைத் திருத்திக்கொண்ட இடம் அது. இரண்டு குழுவும் ஒருவர் குரலை ஒருவர் கேட்டுச் சந்தித்ததை அவர்களே பாறையில் எழுதி வைத்தார்கள். 1880இல் கண்டுபிடிக்கப்பட்ட அந்தக் கல்வெட்டு இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வெளியே வரும் இடம் சீலோவாம். யோவான் 9இல் பிறவிக் குருடன் கண் கழுவிய குளத்தின் படிகள் 2004இல் கழிவுநீர்க் குழாய் வேலையின்போது தற்செயலாக வெளிப்பட்டன. அகழாய்வு தொடர்வதால் எந்தப் பகுதி திறந்திருக்கும் என்பது மாறிக்கொண்டே இருக்கும். அங்கிருந்து மேலே ஏறி வருவது செங்குத்து. கட்டண வண்டி ஓடுகிறதா என்று இறங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மேலே உள்ள படிக்கட்டுபோன்ற கல் அமைப்பையும், அதற்கு மேல் 2005 முதல் எய்லாத் மசார் தோண்டிய பெரிய கல் கட்டடத்தையும் வழிகாட்டிகள் தாவீதின் அரண்மனை என்றே சொல்வார்கள். மசாரின் முடிவு அது. காலக்கணிப்பை ஏற்காத அகழாய்வாளர்கள் பலர் உண்டு. அதைவிட உறுதியான ஒன்று அதே சரிவில் 1982இல் கிடைத்தது: எரேமியா 36:10இல் வரும் சாப்பானின் மகன் கெமரியாவின் பெயர் பொறித்த களிமண் முத்திரை. சிறு விரல்நகம் அளவுள்ள அந்த மண்துண்டு, கி.மு. 586இல் பாபிலோனியர் வைத்த தீயில் சுட்டு இறுகியதால்தான் பிழைத்தது.

இந்த இடம் இருப்பது கிழக்கு எருசலேமின் சில்வான் என்ற பாலஸ்தீனக் குடியிருப்புக்குள். இடத்தை நடத்துவது யூதக் குடியேற்றத்தை ஆதரிக்கும் ஓர் அமைப்பு. வீடுகளுக்கு அடியில் தோண்டுவது பற்றிய வழக்குகளும் எதிர்ப்புகளும் நெடுங்காலமாக நடக்கின்றன. இது தெரிந்துதான் உள்ளே போக வேண்டும். அங்கே கேட்கும் வரலாறு ஒரு தரப்பு சொல்வது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சுரங்கத்தோடு தாவீதின் நகரம் முழுவதற்கும் மூன்றரை மணி நேரம் போதும். மதியத்துக்குமேல் மேற்குச் சுவருக்குத் தெற்கே உள்ள தொல்லியல் பூங்காவுக்குப் போங்கள். கி.பி. 70இல் ரோமர் மேலிருந்து தள்ளிய ஆலயக் கற்கள் தெருவில் விழுந்து, பாவுகல் நொறுங்கிய நிலையில் அப்படியே கிடக்கின்றன. பிறகு யூதக் குடியிருப்புக்குள் ஏழு மீட்டர் அகலமுள்ள அகன்ற மதில். வீடுகளை இடித்து மதிலைப் பலப்படுத்தினீர்கள் என்று ஏசாயா 22:10 கடிந்துகொள்கிறதே, அந்த மதில் எசேக்கியா காலத்து வீட்டுச் சுவர்களின் மேலேயே ஓடுவதை இங்கே கண்ணால் பார்க்கலாம். இதற்குக் கட்டணம் இல்லை.

லாகீஸும் ஏலா பள்ளத்தாக்கும்: காரோ பேருந்தோ இருந்தால் இதுதான்

நான்கில் இதையே முதலில் வைக்கிறோம். காரணம் லாகீஸ். யூதாவில் எருசலேமுக்கு அடுத்த பெரிய பட்டணம். சனகெரிப் அதைப் பிடித்த கதையை நினிவே அரண்மனைச் சுவரில் கல்லில் செதுக்கி வைத்தான். அந்தப் பலகைகள் லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஒரே முற்றுகைக்கு வேதாகம உரை, வென்றவனின் சிற்பம், தோண்டியெடுத்த மண் என்று மூன்று சாட்சிகளும் ஒத்துப்போகிற இடம் இதுபோல் வேறொன்று அரிது.

அந்தச் சிற்பங்களின் படங்களை முதல் நாளே கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய பட்டணம் புதைந்திருக்கும் மேட்டின் தென்மேற்கு மூலையில் நின்றால், வாசலுக்கு ஏறும் பாதைக்குப் பக்கத்தில் கற்குவியல் ஒன்று சரிவாக மதிலைத் தொடுவது தெரியும். அசீரியர் முற்றுகை எந்திரங்களை மேலேற்றப் போட்ட சாய்தளம் அது. அசீரியர் போட்ட சாய்தளங்களில் இன்று நிலத்தில் எஞ்சியிருப்பது இது ஒன்றுதான். சிற்பத்தில் அதே சரிவில் எந்திரங்கள் ஏறுகின்றன, மேலிருந்து தீப்பந்தங்கள் விழுகின்றன, பக்கவாசல் வழியே பெண்களும் பிள்ளைகளும் மூட்டையோடு வெளியேறுகிறார்கள். டேவிட் உசிஷ்கின் தலைமையில் 1973 முதல் நடந்த அகழாய்வில் இங்கே அம்புமுனைகளும் கவண்கற்களும் கிடைத்தன. உள்ளே இருந்தவர்கள் அவசரமாக எழுப்பிய எதிர்மேடும் வெளிப்பட்டது. 2 இராஜாக்கள் 18:14இல், லாகீசில் இருந்த அசீரிய அரசனுக்கு எசேக்கியா மன்னிப்புக் கேட்டு ஆள் அனுப்புகிறான். அந்த வசனத்தை வாசிக்க வேண்டிய இடம் இந்த மூலைதான்.

அதே வாசலில் இன்னொரு காலமும் இருக்கிறது. 1935இல் ஸ்டார்கி என்ற ஆங்கிலேய அகழாய்வாளர் வாசலறைச் சாம்பலுக்குள் பானை ஓட்டில் மையால் எழுதிய எபிரேயக் கடிதங்களைக் கண்டெடுத்தார். நேபுகாத்நேச்சாரின் படை நெருங்கிய நாட்களில் எழுதியவை. அவற்றில் ஒன்று, லாகீசின் தீ அடையாளங்களுக்காகக் காத்திருக்கிறோம், அசெக்காவைக் காண முடியவில்லை என்கிறது. எரேமியா 34:7 கடைசியாக மிஞ்சிய அரணான பட்டணங்கள் என்று குறிப்பிடுவது லாகீசையும் அசெக்காவையும்தான்.

வரிசை முக்கியம். எருசலேமிலிருந்து லாகீசுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். மேட்டின் மேல் நிழல் என்று ஒன்றும் கிடையாது, ஆகவே காலை எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். பத்தரைக்குக் கிளம்பி, கால்மணி நேரத் தொலைவில் உள்ள பெய்த் குவ்ரின், மரேஷா பூங்காவுக்குப் போனால் உச்சி வெயிலைக் குகைகளுக்குள் கழிக்கலாம். நேர்மையாகச் சொன்னால் அங்கே பார்ப்பவற்றில் பெரும்பாலானவை பழைய ஏற்பாட்டுக்குப் பிந்தியவை: கிரேக்கர் காலத்து எண்ணெய்ச் செக்குகள், புறாக்கூட்டுக் குகைகள், சீதோனியர் கல்லறைகள், அதற்கும் பிந்திய மணிவடிவச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். ரெகொபெயாம் அரண் கட்டிய மரேஷா என்பது வேதாகமத் தொடர்பு. ஆனால் கழிப்பறை, குடிநீர், குளிர்ச்சி மூன்றும் இருக்கும் இடம் என்பதால் மதியத்துக்கு இதைவிட நல்லது இல்லை. யுனெஸ்கோ 2014இல் பட்டியலில் சேர்த்த இடமும்கூட.

மூன்று மணிக்கு அசெக்கா மேடு. சிறிது ஏற வேண்டும். இதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் வெளிச்சம். தாவீது கோலியாத்தோடு மோதிய ஏலா பள்ளத்தாக்கு கிழக்கே விரிகிறது; பிற்பகல் சூரியன் முதுகுப்பக்கம் இருப்பதால் எதிரில் உள்ள மேடுகள் ஒவ்வொன்றும் துலங்கும். காலையில் போனால் கண் கூசி ஒன்றும் பிரியாது. 1 சாமுவேல் 17:1ஐ வாசித்துக்கொண்டே பாருங்கள்: தென்கிழக்கே சோக்கோ, நீங்கள் நிற்பது அசெக்கா, நடுவே பெலிஸ்தர் பாளயம். எதிரே வடக்குப் பக்கக் குன்றில் கிர்பெத் கெயாஃபா. 2007 முதல் 2013 வரை யோசேப் கார்ஃபின்கெல் தோண்டிய, கி.மு. 1000ஐ ஒட்டிய அரண். சின்ன ஊருக்கு இரண்டு வாசல்கள் இருந்ததால், 1 சாமுவேல் 17:52இன் சாராயீம் இதுதான் என்கிறார். இந்த அடையாளத்தை ஏற்காதவர்களும் உண்டு. ஆனால் இரண்டு வாசலும் கண்முன் இருக்கின்றன. கோலியாத்துக்கான கூழாங்கல் பொறுக்க ஓடைக்கு இறங்குவது பயணிகளின் வழக்கம். மேடுகளில் காலடியில் கிடக்கும் பானை ஓடுகளை மட்டும் எடுக்காதீர்கள். அவை தொல்பொருள் சட்டத்துக்குள் வருபவை. விமான நிலையச் சோதனையில் சிக்கினால் விளக்கம் சொல்லி முடியாது.

இந்த வழிக்குப் பொதுப் பேருந்தை நம்ப முடியாது. வாடகைக் கார் எடுத்தால், சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பது இந்தியர்களுக்கும் இலங்கையர்களுக்கும் முதல் சவால். ரவுண்டானாவில்தான் தடுமாற்றம் அதிகம் வரும். இந்திய உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துப் போங்கள். பழைய நகரத்துக்குப் பக்கத்தில் காரை எடுக்காமல் நகரின் மேற்குப் பக்கத்தில் எடுத்தால் நெரிசல் மிச்சம்.

மெகிதோ, ஆத்சோர், தாண்: எங்கே தூங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது

எருசலேமில் தங்கியிருப்பவர்கள் இந்த வழியை எடுக்க வேண்டாம். தாண் வரை ஒருவழிக்கே மூன்று மணி நேரம். திபேரியாவிலோ நாசரேத்திலோ தங்கியிருக்கும் நாட்களில் என்றால் கணக்கே வேறு: திபேரியாவிலிருந்து ஆத்சோர் முக்கால் மணிக்குள், அங்கிருந்து தாண் இன்னும் முக்கால் மணி.

மெகிதோவுக்குத் தனி நாள் தேவையில்லை. கலிலேயாவிலிருந்து எருசலேமுக்குக் குழுப் பேருந்து வரும் நாளில் வழியிலேயே இருக்கிறது. வழக்கமாக ஒரு மணி நேரம் நிறுத்துவார்கள். இரண்டு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் நீர்ச்சுரங்கத்தை விட்டுவிட நேரும். 180க்கு மேற்பட்ட படிகள் இறங்கி, பாறைக்குள் நடந்து, சுமார் 80 படி ஏறினால் மேட்டுக்கு வெளியே வருவீர்கள். அங்கிருந்து வாசலுக்குத் திரும்ப நடக்க வேண்டும், ஆகவே ஏற்றிச்செல்லும்படி ஓட்டுநரிடம் முன்பே சொல்லி வையுங்கள். ஆறு அறை வாசலை சாலொமோன் கட்டினாரா, ஆகாப் காலத்ததா என்பதில் அகழாய்வாளர்கள் யாதினும் ஃபிங்கெல்ஸ்டைனும் எதிரெதிர் அணிகள். ஆத்சோர், மெகிதோ, கேசேர் மூன்றையும் சேர்த்துச் சொல்லும் 1 இராஜாக்கள் 9:15தான் அந்த வாதத்தின் மூலம். யோசியா கொல்லப்பட்ட ஊரும் இதுவே.

ஆத்சோர் சுமார் 80 ஹெக்டேர். யோசுவா 11 எரித்ததாகச் சொல்லும் நகரம் இது. கி.மு. 13ஆம் நூற்றாண்டு அரண்மனையில் தீயின் வெப்பத்தில் வெடித்த கற்களைக் கூரைக்கு அடியில் காட்டுகிறார்கள். தீ வைத்தது யார் என்பதில் கருத்தொற்றுமை இல்லை. தாணில் நிழலும் ஓடைகளும் உண்டு. எரொபெயாம் பொன் கன்றுக்குட்டி வைத்த மேடையில் பலிபீடத்தின் அளவை இரும்புச் சட்டத்தால் காட்டியிருக்கிறார்கள். தாவீதின் வீடு என்ற சொல் உள்ள அராமேயக் கல் 1993இல் இங்கேதான் கிடைத்தது. லெபனான் எல்லையை ஒட்டிய பகுதி என்பதால் பதற்றக் காலங்களில் மூடிவிடுவார்கள்.

சவக்கடல் பக்கம்

மசாதாவுக்குப் பழைய ஏற்பாட்டில் உறுதியான இடம் கிடையாது. அங்கே நடந்தது கி.பி. 73 அல்லது 74இல் ரோமர் முற்றுகை. கும்ரானில் சவக்கடல் சுருள்கள் கிடைத்த குகைகளைத் தூரத்திலிருந்து பார்க்கலாம், சுருள்கள் அங்கே இல்லை. தாவீது சவுலுக்கு ஒளிந்த என்கேதி அழகான நடை. பெரும்பாலான குழுக்கள் சவக்கடலுக்கு எப்படியும் வரும் என்பதால் ஓய்வு நாளை இதற்குக் கொடுக்கத் தேவையில்லை. எரிகோவின் டெல் எஸ்-சுல்தான் மட்டும் விதிவிலக்கு: கி.மு. 8000ஐ ஒட்டிய, எட்டு மீட்டருக்கு மேல் உயரமான கல்கோபுரம் அங்கே நிற்கிறது. ஆனால் அது பாலஸ்தீன நிர்வாகப் பகுதி. இஸ்ரேலில் எடுத்த வாடகைக் காருக்கு அங்கே பெரும்பாலும் காப்பீடு செல்லாது. பாலஸ்தீனப் பேருந்திலோ டாக்சியிலோ போங்கள். குளிர்கால மழை நாட்களில் சவக்கடல் சாலையில் திடீர் வெள்ளம் வரும்.

கிழமை எல்லாவற்றையும் மாற்றும்

கையில் கிடைத்த நாள் சனிக்கிழமை என்றால் தாவீதின் நகரம் மூடியிருக்கும்; தேசியப் பூங்காக்கள் பெரும்பாலும் திறந்திருக்கும், ஆகவே லாகீஸ். வெள்ளிக்கிழமை என்றால் எல்லா இடமும் முன்கூட்டியே மூடும், பிற்பகலில் பேருந்துகளும் நின்றுவிடும். காலையில் சுரங்கம், பிறகு பழைய நகரத்துக்குள் நடை என்று வைத்துக்கொள்ளுங்கள். யூதரின் பாவநிவிர்த்தி நாளான யோம் கிப்பூர் அன்று ஒன்றும் இயங்காது. எந்த நாளானாலும் சுரங்கத்துக்கு நேரத்துடன் இணையத்தில் முன்பதிவு செய்வது நல்லது. பாதுகாப்பு நிலவரத்துக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அறிவுரையைப் புறப்படும் வாரத்தில் பாருங்கள்.

ஏப்ரலிலோ அக்டோபர் தொடக்கத்திலோ போகிற, நடை தளராத சிறு குழுவுக்கு இன்னொரு வழியும் உண்டு. காலை முதல் நேரத்துக்குச் சுரங்கம், பதினோரு மணிக்கு வெளியே, வண்டி குப்பைவாசல் பக்கம் வந்து ஏற்ற வேண்டும், பன்னிரண்டரைக்கு லாகீஸ். அசெக்காவும் மரேஷாவும் போய்விடும். ஆனால் எசேக்கியா தண்ணீரைக் காத்த இடத்தையும், சனகெரிப்பின் அதிகாரி ரப்சாக்கே படையோடு எருசலேமுக்குக் கிளம்பிய இடத்தையும் ஒரே பகலில் பார்த்துவிடலாம். டிசம்பரில் இதைச் செய்ய வேண்டாம். நான்கு மணிக்கு மூடிவிடுவதால் லாகீசில் சாய்தளத்தைத் தாண்டி மேலே ஏற நேரம் இருக்காது. ஜூலை, ஆகஸ்டிலும் வேண்டாம். அந்த மேட்டில் மதிய வெயிலுக்கு ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீரும் போதாது.